ஒளியைக் குறைக்கக் கற்ற கைவிளக்கு

கையில் எடுத்துச் செல்லும் மின்விளக்கின் வரலாறு, மேலும் மேலும் வலுவான ஒளியைத் தேடிய வரலாறாகவே பெரும்பாலும் சொல்லப்பட்டு வந்திருக்கிறது. விற்பனைப் பெட்டிகளின் மேல் பெரிய எழுத்தில் அச்சிடப்படும் எண்ணும் அந்தத் தேடலின் அளவுகோலாகவே இன்றுவரை இருந்து வருகிறது. ஆயினும், கடைவீதியில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டார்ச் லைட்டையும், அதைவிடப் பல மடங்கு விலையுள்ள பல ஒளிநிலை எல்.இ.டி. டார்ச்சையும் அருகருகே வைத்து ஆராய்ந்தால், பிந்தையது தன் விலைக்கு நியாயம் செய்யும் இடம் அதன் உச்ச ஒளியில் இல்லை என்பது தெரியவரும். ஒளியை வேண்டிய அளவுக்குக் குறைக்கவும், குறைத்த அளவில் மணிக்கணக்காக மாறாமல் நிறுத்தவும், அதனால் மிச்சமாகும் மின்சாரத்தை உண்மையிலேயே சேமிக்கவும் கூடிய திறனே அதன் சிறப்பு. அத்திறன் கைவிளக்குக்கு வாய்க்க ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு பிடித்தது ஏன் என்று அறிந்தவருக்கு, அத்தகைய விளக்கை வாங்குவதா வேண்டாமா என்ற கேள்வி பெரிதும் எளிதாகிவிடும்.

கைவிளக்கு பிறப்பதற்கு முதலில் சிந்தாத மின்கலம் தேவைப்பட்டது. பிரெஞ்சுப் பொறியாளர் ஜார்ஜ் லெக்லான்ஷே 1866இல் உருவாக்கிய மின்கலம் துத்தநாகத்தையும் மாங்கனீசு ஈராக்சைடையும் கொண்டு இயங்கியது எனினும், அதனுள் இருந்த கரைசல் நீர்மமாக இருந்ததால் மேசையின் மேல் அசையாமல் வைத்துப் பயன்படுத்தவே ஏற்றதாக இருந்தது. ஜெர்மானியரான கார்ல் காஸ்னர் அக்கரைசலைப் பசையாக்கி, துத்தநாகத்தையே கலத்தின் கூடாகவும் அமைத்து, 1886இல் காப்புரிமை பெற்ற பிறகுதான், எப்படிக் கவிழ்த்தாலும் ஒழுகாத உலர் மின்கலம் உலகுக்குக் கிடைத்தது. அமெரிக்காவின் நேஷனல் கார்பன் நிறுவனம் பின்னாளில் ‘டி’ அளவு என்று பெயர்பெற்ற பருமனான உருளைக் கலத்தை 1898இல் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டு ஜனவரி 10ஆம் நாள், நியூயார்க்கில் வாழ்ந்த ஆங்கிலேயரான டேவிட் மிசெல் தமது கைவிளக்குக்குக் காப்புரிமை பெற்றார். தடித்த காகிதக் குழாய் ஒன்றினுள் கலங்கள் வரிசையாக நிற்க, ஒரு முனையில் சிறு குமிழ்விளக்கும் அதன் பின்னே பித்தளைத் தகட்டினாலான ஒளித்திருப்பியும் அமைந்த அக்கருவியின் வடிவம், அடிப்படையில் இன்றும் மாறவில்லை.

மிசெலின் காப்புரிமை கான்ராட் ஹூபர்ட் நடத்திய நிறுவனத்துக்கு உரிமையாக்கப்பட்டது. ரஷ்யப் பேரரசின் மின்ஸ்க் பகுதியிலிருந்து அகீபா ஹோரோவிட்ஸ் என்ற பெயருடன் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த யூதரான ஹூபர்ட், புதிய விளக்குகளில் சிலவற்றை நியூயார்க் காவலர்களுக்கு இலவசமாக அளித்து, அவர்களுடைய பாராட்டைத் தமது விற்பனைக்குச் சான்றாக்கிக்கொண்டார். எவரெடி என்ற பெயர் இந்நிறுவனத்தின் வழியாகவே உலகெங்கும் பரவியது. 1914இல் மின்கலம் செய்யும் நேஷனல் கார்பன் அந்நிறுவனத்தை முழுமையாக வாங்கிக்கொண்டதும், 1917இல் அதுவே யூனியன் கார்பைடு என்ற பெருநிறுவனத்தின் பகுதியானதும் இத்தொழிலின் பொருளாதாரத்தைத் தெளிவாகக் காட்டும் நிகழ்வுகள். விளக்கு ஒருமுறை விற்கும். அதனுள் போடும் கலமோ மாதந்தோறும் விற்கும். விளக்கு நீடித்து உழைப்பதைவிட அது பலர் கைக்குப் போய்ச் சேர்வதே கலம் விற்பவருக்கு ஆதாயம் என்பதால், விலை குறைந்த தகர விளக்கே நெடுங்காலம் இத்தொழிலின் பொது வடிவமாக நிலைத்தது.

தொடக்கக் காலக் கைவிளக்கில் இருந்தது கார்பன் இழை. அது மின்சாரத்தை மிகுதியாக விழுங்கியது. அக்காலக் கலமும் தொடர்ந்து மின்சாரம் தரும் வலிமையற்றிருந்ததால், சில நொடிகள் எரியவிட்டு, மீண்டும் அணைத்து, கலம் சற்றே தேறிய பிறகு மறுபடி எரியவிட வேண்டியிருந்தது. ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வுக்கூடத்தில் வில்லியம் கூலிட்ஜ் டங்ஸ்டன் உலோகத்தை மெல்லிய கம்பியாக இழுக்கும் முறையை 1910ஐ ஒட்டிய ஆண்டுகளில் கண்டறிந்த பின் இந்நிலை பெரிதும் திருந்தியது. எனினும் டங்ஸ்டன் இழைக்கும் ஒரு கட்டாயம் இருந்தது. இழைவிளக்கு என்பது கம்பி ஒன்றை வெண்சூடேற்றி அதன் தகிப்பிலிருந்து ஒளியைப் பெறும் கருவி. அதற்குச் செல்லும் மின்சாரத்தைச் சற்றே குறைத்தாலும் வெப்பநிலை தாழ்ந்து, ஒளி வெண்மையிலிருந்து மஞ்சளுக்கும் மஞ்சளிலிருந்து செம்மைக்கும் சரிந்துவிடும். மின்னழுத்தத்தைப் பாதியாக்கினால் ஒளி ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கும். ஆனால் செலவாகும் மின்திறன் மூன்றில் ஒரு பங்குக்குத்தான் இறங்கும். அதாவது, ஒளியில் பத்தில் ஒன்பது பங்கை இழப்பவருக்கு மின்சாரத்தில் மூன்றில் இரண்டு பங்கே மிச்சம். இழைவிளக்கில் குறைந்த ஒளி நட்டக் கணக்காகவே முடிந்ததால், ஒரே நிலையில் எரிவதும் அணைவதுமாகவே கைவிளக்கு முக்கால் நூற்றாண்டுக்கு மேல் கழிக்க நேர்ந்தது. இதை, விளக்கைச் செய்தவர்களின் கற்பனைக் குறை என்று கொள்வது தவறு. அவர்கள் கையில் இருந்த பொருளின் இயல்பு அது.

குறைந்த ஒளியின் தேவை அக்காலத்திலும் இல்லாமலில்லை. 1939 செப்டம்பரில் பிரிட்டனில் இருட்டடிப்பு நடைமுறைக்கு வந்தபோது, தெருவில் நடப்பவர் கைவிளக்கின் கண்ணாடியை மெல்லிய வெள்ளைக் காகிதத்தால் மூடி, தரையை நோக்கியே பிடிக்க வேண்டும் என்று விதிக்கப்பட்டது. எட்டாம் எண் கலம் என்று அங்கே வழங்கிய சிறு மின்கலத்துக்குக் கடும் தட்டுப்பாடும் ஏற்பட்டது. டிஎல்-122 என்ற எண்ணுடன் இரண்டாம் உலகப் போரிலும் பின்னர் எம்எக்ஸ்-991 என்ற எண்ணுடன் வியட்நாம் போரிலும் அமெரிக்கப் படையினர் கொண்டுசென்ற, தலைப்பகுதி செங்கோணத்தில் வளைந்த கைவிளக்கும் இதே வழியில்தான் குறையொளியைத் தேடியது. பிந்தைய வகையின் முகப்பில் பொருத்தச் செந்நிற வடிகட்டி உடன் தரப்பட்டது. காகிதமும் வடிகட்டியும் ஒளியைக் குறைத்தனவேயன்றி மின்செலவைக் குறைக்கவில்லை. கலத்தின் உழைப்பில் பெற்ற ஒளியில் ஒரு பகுதி அவற்றால் தடுக்கப்பட்டு வீணாகவே போயிற்று.

இந்தியாவில் எவரெடி நிறுவனம் 1934இல் பதிவுபெற்று, கல்கத்தாவின் காசிப்பூரில் தன் முதல் மின்கல ஆலையை நிறுவியது. 1959இல் யூனியன் கார்பைடு இந்தியா லிமிடெட் என்ற பெயரை ஏற்றது. லக்னோவில் டார்ச் ஆலையும், சென்னைத் திருவொற்றியூரில் மின்கல ஆலையும் அதற்கு இருந்தன. தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் கலங்களின் எண்ணிக்கையைக் கொண்டு இரண்டு கட்டை, மூன்று கட்டை, ஐந்து கட்டை என்றே விளக்குகள் அறியப்பட்டன. இரவில் நீர்முறை வரும் உழவருக்கும், களத்தில் காவல் கிடப்பவருக்கும், திரையரங்கில் இருக்கை காட்டும் பணியாளருக்கும் அது தொழிற்கருவியாக இருந்தது. வலுவிழந்த கட்டைகளை வெயிலில் காயவைத்து மேலும் சில இரவுகளுக்குப் பயன்படுத்தும் வழக்கம், கலத்தின் விலை அவ்வீடுகளுக்கு எவ்வளவு சுமையாக இருந்தது என்பதைக் காட்டுகிறது. வெப்பத்தால் கலத்தினுள் வேதிவினை சற்றே விரைவுபட்டு, எஞ்சிய ஆற்றலில் ஒரு பகுதி வெளிப்படும் என்பதால் அவ்வழக்கம் அறிவியலுக்குப் புறம்பானதும் அன்று. மறந்து வெளியே எடுக்காமல் விட்ட கலம் உப்புப் பூத்து ஒழுகி, விளக்கையே அழிப்பதும் அக்காலத்தவர் நன்கறிந்த இழப்பு. கூடாக நிற்கும் துத்தநாகமே எரிபொருளாகவும் கரைவதால், தீர்ந்த கலத்தின் சுவர் துளைபடுவது அதன் அமைப்பிலேயே அடங்கியிருந்தது.

இவ்வரலாற்றை எழுதும் எவரும் ஒரு செய்தியைத் தாண்டிச் செல்லக் கூடாது. 1984 டிசம்பர் 2ஆம் நாள் இரவு போபாலில் நச்சுவாயு கசிந்து ஆயிரக்கணக்கானோர் மாண்ட பூச்சிக்கொல்லி ஆலை, நாடெங்கும் வீடுகளுக்குக் கைவிளக்கும் கட்டையும் விற்ற அதே யூனியன் கார்பைடு இந்தியா நிறுவனத்துக்குரியது. அமெரிக்கத் தாய்நிறுவனம் தன் பங்குகளை 1994இல் மெக்லியாட் ரஸல் நிறுவனத்துக்கு விற்றுச் சென்றதும், இந்திய நிறுவனம் எவரெடி இண்டஸ்ட்ரீஸ் எனப் பெயர் மாறியதும் அப்பேரழிவின் தொடர்ச்சியாக நிகழ்ந்தவை. அவ்விற்பனைத் தொகையிலிருந்தே போபாலில் பாதிக்கப்பட்டோருக்கான மருத்துவமனைக்கு நிதி ஒதுக்கப்பட்டது.

கைவிளக்குக்குக் கூடுதல் விலை கொடுக்கலாம் என்ற எண்ணம் அமெரிக்கக் காவல்துறையிடமிருந்து வந்தது. தகர விளக்குகள் பணியின்போது நசுங்கி, தொடர்பு விட்டு, வேண்டிய நொடியில் அணைந்துபோவதைக் கண்ட டான் கெல்லர் என்ற லாஸ் ஏஞ்சலீஸ் மாவட்டக் காவலர், 1960களின் இறுதியில் கெட்டி அலுமினியத்தில் கெல்-லைட் என்ற விளக்கை உருவாக்கினார். குரோஷியாவின் ஸ்லாரின் தீவில் வளர்ந்து அமெரிக்காவில் கடைசல் தொழிலாளியாக வாழ்வைத் தொடங்கிய டோனி மாக்லிகா 1979இல் வெளியிட்ட மேக்லைட்டும், 1984இல் வெளியிட்ட அதன் சிறு வடிவமும், நேர்த்தியாகக் கடைந்த உடலும் நீர் புகாத ரப்பர் வளையங்களும் கொண்ட விளக்கைப் பொதுமக்களிடமும் கொண்டுசேர்த்தன. துப்பாக்கிகளுக்கான லேசர் குறிகாட்டி செய்துவந்த கலிபோர்னிய நிறுவனம் ஒன்று, ஷ்யூர்ஃபயர் என்ற பெயரில், ஒளிப்படக் கருவிக்கான இரண்டு லித்தியம் கலங்களைக் கொண்டு உள்ளங்கைக்குள் அடங்கும் 6பி விளக்கை 1980களில் செய்தது. அது 65 லூமென் ஒளி தந்தது. லூமென் என்பது ஒரு விளக்கு எல்லாத் திசைகளிலும் வெளியிடும் மொத்த ஒளியின் அலகு. மெழுகுவர்த்தி ஒன்றின் ஒளி ஏறத்தாழ 12 லூமென் என்று கொண்டால் இவ்வெண்களின் பொருள் விளங்கும். ஆனால் 6பியின் ஒரு இணைக் கலம் தாங்கியது ஒரு மணி நேரமே. உடலும் கலமும் உயர்தரமான பிறகும், இழையின் கட்டாயம் அப்படியே நின்றது.

அக்கட்டாயத்தை உடைத்தது எல்.இ.டி. எனப்படும் ஒளி உமிழ் டையோடு. இது குறைகடத்திப் படிகத்தினுள் மின்னணுக்கள் நேரடியாக ஒளியை வெளிவிடும் கருவி. எதையும் சூடேற்றி ஒளிரவைப்பதில்லை. நிக் ஹோலோனியாக் 1962இல் செந்நிற டையோடைச் செய்து காட்டியிருந்தாலும், நீலம் கிடைக்காதவரை வெண்ணொளிக்கு வழியில்லை. இசாமு அகாசாகி, ஹிரோஷி அமானோ ஆகியோரின் ஆய்வுகளோடு, ஜப்பானின் டொகுஷிமா மாவட்டத்து நிசியா நிறுவனத்தில் சுஜி நகமுரா 1993இல் ஒளிமிக்க நீல டையோடை உருவாக்கியது அத்தடையை நீக்கியது. மூவரும் 2014இல் இயற்பியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். நீல டையோடின் மேல் மஞ்சளாக ஒளிரும் பொடியைப் பூசி, இரு நிறமும் கலந்து வெண்மையாகத் தோன்றச் செய்த டையோடை நிசியா 1996இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. லுமிலெட்ஸ் நிறுவனத்தின் லக்ஸியான் டையோடு ஒரு வாட் மின்திறனைத் தாங்கும் வலிமை பெற்றது. 2006இல் கிரீ நிறுவனம் வெளியிட்ட எக்ஸ்ஆர்-இ டையோடு அதே மின்சாரத்தில் இரு மடங்குக்கும் மேலான ஒளியைத் தந்தது.

டையோடின் பயனைக் கணக்கிடுவோர் அதன் உச்சத்தையே பேசுகின்றனர். அதன் உண்மையான புதுமையோ அடித்தளத்தில் இருக்கிறது. டையோடுக்குச் செல்லும் மின்சாரத்தைக் குறைத்தால் ஒளி செந்நிறமாகச் சரிவதில்லை. ஒவ்வொரு வாட்டுக்கும் கிடைக்கும் ஒளி குறைவதற்கு மாறாகச் சற்றே கூடவும் செய்கிறது. ஒளியைப் பத்தில் ஒரு பங்காக்கினால் கலம் பத்து மடங்குக்கும் மேலாக உழைக்கும். 18 மில்லிமீட்டர் விட்டமும் 65 மில்லிமீட்டர் நீளமும் கொண்டு, அவ்வெண்களாலேயே 18650 என்று அழைக்கப்படும் லித்தியம் கலத்தில் ஏறத்தாழ 12 வாட்-மணி ஆற்றல் அடங்கும். 1000 லூமென் ஒளிக்கு 10 வாட் அளவில் செலவாகும் என்று கொண்டால், அக்கலம் ஒரு மணி நேரத்தைச் சற்றே தாண்டும். 50 லூமெனில் ஒரு முழு நாள் எரியும். ஒரே ஒரு லூமெனில் பல நாள்கள் அணையாமல் நிற்கும். நூறாண்டுக் காலம் நட்டமாக இருந்த குறைந்த ஒளி இப்போது கைவிளக்கின் மிகப் பெரிய சேமிப்பாயிற்று.

இதை முதலில் உணர்ந்தவர்கள் சிறு தொழிலகங்களை நடத்திய அமெரிக்கக் கைவினைஞர்களே என்பது இத்தொழிலின் வரலாற்றில் பெருமைக்குரிய பகுதி. அரிசோனா மாநிலத்தில் ஆர்க் நிறுவனம் 2001ஐ ஒட்டி லக்ஸியான் டையோடைக் கைவிளக்கில் அமைத்தது. அதே மாநிலத்தின் டூசான் நகரில் இயங்கும் எச்.டி.எஸ். நிறுவனம், உரிமையாளரே தமக்கு வேண்டிய ஒளிநிலைகளைத் தேர்ந்து விளக்கினுள் பதிந்து வைக்கும்படி சிறு கணிப்பொறிச் சில்லு ஒன்றை உள்ளே வைத்தது. ஷ்யூர்ஃபயரின் யு2 விளக்கில், கழுத்திலுள்ள வளையத்தைத் திருப்பி ஆறு நிலைகளுள் ஒன்றைத் தேர்ந்துகொள்ள முடிந்தது. இவற்றின் விலை உழைப்பாளி ஒருவருக்கு எட்டாததாகவே இருந்தது. 2004இல் சீனாவின் ஷென்சென் நகரில் ஃபீனிக்ஸ் நிறுவனம் தோன்றியதும், அதைப் பின்பற்றிப் பல நிறுவனங்கள் அங்கே எழுந்ததும் விலையை இறக்கி, பல ஒளிநிலை விளக்கைப் பொதுச்சந்தைக்குக் கொண்டுவந்தன.

பல நிலைகளின் தேவையைக் கண்ணின் அமைப்பிலிருந்தே புரிந்துகொள்ள வேண்டும். கண் ஒளியைக் கூட்டல் கணக்கில் அளப்பதில்லை. ஒளி இரு மடங்காகத் தோன்ற வேண்டுமானால், சூழலைப் பொறுத்து, நான்கிலிருந்து எட்டு மடங்கு வரை கூடுதல் ஒளி தேவைப்படுகிறது. ஆகவே 800 லூமெனும் 1000 லூமெனும் பெட்டியின் மேல்தான் வேறு. கண்ணுக்கு அவை ஏறக்குறைய ஒன்றே. மேலும், இருளில் பார்வைக்கு உதவும் விழித்திரையின் கோல் உயிரணுக்கள் முழுமையாகப் பழகுவதற்கு அரை மணி நேரமோ அதற்கு மேலோ ஆகிறது; நடு இரவில் எழுந்து வலுவான விளக்கை ஏற்றுபவர் அப்பழக்கத்தை நொடியில் இழந்து, ஒளிவட்டத்துக்கு வெளியே எதையும் காணாதவராகிறார். உறங்கும் குழந்தையின் அருகே மருந்து தேடுவதற்கு ஒரு லூமெனே போதும். வரப்பில் பாம்பைப் பார்த்து நடக்க 50 லூமென் தாராளம். எதிர்க்கரையைத் துழாவும்போதே ஆயிரம் வேண்டும். நல்ல விளக்கில் நிலைகள் மும்மடங்கு, பத்து மடங்கு என்று விலகி நிற்பதும், மலிவு விளக்கில் ‘குறைந்த ஒளி’ என்பது உச்சத்தில் பாதியாகவோ மூன்றில் ஒன்றாகவோ நின்று பயனற்றுப்போவதும் இக்காரணத்தால் கவனிக்க வேண்டிய வேறுபாடு.

அந்த வேறுபாட்டை உண்டாக்கும் உறுப்பு கண்ணுக்குத் தெரிவதில்லை. கலத்துக்கும் டையோடுக்கும் இடையே மின்சாரத்தை அளந்து அனுப்பும் சிறு மின்சுற்றே அது. விலை குறைந்த சுற்று, டையோடை முழு வலுவில் ஏற்றியும் அணைத்தும் வினாடிக்குப் பலமுறை மாற்றி, சராசரியில் மங்கலாகத் தோன்றச் செய்கிறது; அதனால் அசையும் பொருள்களில் துடிப்புத் தெரிவதுடன், குறைந்த மின்சாரத்தில் டையோடு பெறும் கூடுதல் சிக்கனமும் கைநழுவுகிறது. தேர்ந்த சுற்று மின்னோட்டத்தையே குறைத்து, கலத்தின் அழுத்தம் இறங்கிவரும்போதும் ஒளியை ஒரே அளவில் தாங்கிப் பிடிக்கிறது. கட்டை டார்ச்சில் முதல் நிமிடத்திலிருந்தே தொடங்கிய மங்கல் இவ்வாறுதான் முடிவுக்கு வந்தது.

வாங்குபவரைக் காக்கும் அளவைமுறையும் ஒருவாறு அமைந்திருக்கிறது. எஃப்.எல்-1 என்று சுருக்கமாக வழங்கும் அமெரிக்கத் தரநிலை 2009இல் வெளிவந்தது. அதன்படி விளக்கை ஏற்றிய 30 நொடிக்கும் 2 நிமிடத்துக்கும் இடையே ஒளி அளக்கப்பட வேண்டும், முழுநிலவின் ஒளிக்கு நிகரான 0.25 லக்ஸ் வெளிச்சம் விழும் தொலைவே எட்டும் தொலைவாகக் கொள்ளப்பட வேண்டும், ஒளி தொடக்க அளவில் பத்தில் ஒரு பங்காக இறங்கும்வரை உள்ள காலமே எரியும் காலமாகக் கணக்கிடப்பட வேண்டும். கடைசி விதியில் ஒரு இடைவெளி இருக்கிறது. 10 வாட்டில் பெரும்பகுதி வெப்பமாகி விரலளவுக் குழாயில் தேங்கினால் கை தாங்காது என்பதால், உச்ச ஒளியில் ஏற்றிய விளக்குகள் சில நிமிடங்களில் தாமாகவே பாதிக்கோ அதற்கும் கீழோ இறங்கிக்கொள்கின்றன; இருந்தும், ‘1000 லூமென், 3 மணி நேரம்’ என்று அச்சிடுவதற்கு அந்த விதி இடம் தருகிறது. ஆகவே, நேரத்துக்கு நேரம் ஒளி எவ்வாறு மாறுகிறது என்ற வரைபடத்தைத் தானே வெளியிடும் நிறுவனத்தையும், இடைநிலைகளின் எரியும் காலத்தைத் தனித்தனியே கூறும் நிறுவனத்தையும் நாடுவதே தக்கது.

வீட்டில் எப்போதாவது மின்தடை ஏற்படும்போது மட்டும் விளக்கைத் தேடுபவருக்கு, கைப்பேசியின் விளக்கும் ஒரு சாதாரண டார்ச்சுமே போதும்; உயர்விலை அவருக்கு வீண். இரவுதோறும் நடப்பவர், காவல் காப்பவர், மின்கம்பத்தில் ஏறுபவர், காட்டிலும் கடலிலும் பணி செய்பவர் ஆகியோருக்கோ கணக்கு வேறு. சுவரில் செருகி மின்னேற்றும் மலிவு டார்ச்சுகள் பலவற்றில் கலம் உள்ளேயே அடைக்கப்பட்டு, அது வலுவிழந்தவுடன் விளக்கு முழுவதும் குப்பையாகிறது. 18650 போன்ற பொது அளவுக் கலத்தைக் கழற்றி மாற்றக்கூடிய விளக்கில், நூற்றுக்கணக்கான முறை மின்னேற்றிய பின் கலம் மட்டுமே மாற வேண்டியிருக்கிறது. ஹூபர்ட் காலத்தில் விளக்கு மலிவாகவும் கலம் ஓயாத செலவாகவும் இருந்த நிலை இங்கே தலைகீழாகியிருப்பதால், விலையை ஒருநாள் செலவாகப் பாராமல் ஐந்து ஆண்டுகளுக்குப் பகிர்ந்து பார்ப்பதே முறை. அவ்வாறு பார்த்து வாங்க முடிவு செய்தவர், கடையில் முதலில் உச்ச ஒளியைச் சுவரில் அடித்துப் பார்ப்பதற்கு முன், விளக்கின் மிகக் குறைந்த நிலை எத்தனை லூமென் என்பதையும், அணைந்த நிலையிலிருந்து ஒரே அழுத்தத்தில், கண் கூசாமல், அந்த நிலைக்கு நேரே செல்ல முடிகிறதா என்பதையும் கேட்டறிய வேண்டும்.